சீட்டின் மறுபக்கம்

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

எதிர்முனையில் அழுகையோ கோபமோ, எதுவாக இருந்தாலும் போன் அக்கா முதலில் கேட்பது இதைத்தான். பேரைக் கேட்பதில்லை. என்ன கஷ்டம் என்பதும் அப்புறம்தான்.

"வீட்டுக்காரர் இருக்காரா? என்ன பண்றார்? டிவி பாக்கறாரா? சரி, போனை அப்படியே மேசைமேல வெச்சுட்டு அவர் பக்கத்துல போய் அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வாங்க. ஒண்ணும் பேச வேணாம், சும்மா உக்காருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சிலர் போவார்கள். சிலர், "ஜெபம் பண்ணுவீங்கன்னுதானே போன் பண்ணேன்?" என்று சீறிவிட்டு வைத்துவிடுவார்கள். போனவர்களில் சிலர் இருபது நிமிடம் ஆகியும் திரும்ப மாட்டார்கள். அக்கா ரிசீவரைக் காதோடு வைத்தபடி காத்திருப்பார். மின்விசிறி கறகறப்பது கேட்கும். தட்டு வைக்கும் சத்தம் வரும். "உப்பு போதுமா?" என்று யாரோ யாரையோ கேட்பார்கள். லைனில் ஒருத்தி காத்திருப்பதையே மறந்துபோகிறவர்களும் உண்டு. அது தெரிந்ததும் அக்கா திருடியைப்போல ஓசைப்படாமல் ரிசீவரை வைப்பார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

"யாருமில்லக்கா, நான் ஒத்தை ஆளு" என்கிறவர்களுக்கு மட்டும் நேர வரம்பே கிடையாது. சுடுதண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார். "ம்... சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

அது ஒரு சபையின் ஜெப உதவி எண். நோய், பரீட்சை, குடிகாரக் கணவன், பேசாத மருமகள் என்று ஆளுக்கொரு பாரத்தோடு கூப்பிடுவார்கள். கேட்க வேண்டும், போனிலேயே ஜெபிக்க வேண்டும், விஷயத்தைச் சீட்டில் குறித்து வாராவாரம் சபைக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஜெபக்குழு ஒவ்வொரு சீட்டாக எடுத்து மறுபடி ஜெபிக்கும். பதினான்கு வருடமாக இந்த வேலை. அக்காவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. போனை வைக்கச் சொல்லும் பழக்கம் ஒன்றரை வருடமாகத்தான். புகார் போதகர்வரை போயிருக்கிறது. "அந்தம்மா சொன்னா செஞ்சுதான் பாருங்களேன்" என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பிரசவ வார்டு நாற்பத்தொன்று, எலும்பு முறிவு முப்பத்திரண்டு, பிணவறை அறுபது. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எல்லா எக்ஸ்டென்ஷன் எண்ணையும் சொல்வார். பொறுமையான குரல். யாரோ தலையைத் தடவிக்கொடுப்பது மாதிரி இருக்கும். விருப்ப ஓய்வு பெற்ற மாதமே சபையில் கூப்பிட்டுக் கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். "நான் புதுசா என்ன பண்ணப் போறேன்? அன்னிக்கு டாக்டருக்கு லைன் குடுத்தேன், இன்னிக்கு ஆண்டவருக்குக் குடுக்கறேன். எக்ஸ்டென்ஷன்தான் வேற" என்று சிரிப்பார்.

அந்தக் குரலைப் பற்றி மகள் ஒருமுறை சொன்னாள்: "எங்ககிட்ட பேசறப்போ இது எங்கம்மா போகுது? வீட்டுக்கு வர்றதுக்குள்ள தீந்துபோயிடுதா?" அக்கா அதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

முன்னறையில் ஜன்னலோரம் மேசை. அதன்மேல் போன். அதன் சுருள் ஒயர் சமையலறை வாசல்வரை நீளும். உள்ளறைக்கு எட்டாது. உள்ளறையில்தான் அவர் கணவர் இருப்பார்.

அவர் தையல் மிஷின் மெக்கானிக். முழங்கால் மடங்க மறுத்ததும் கடையை மூடிவிட்டு வீட்டோடு தங்கினார். கடையிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர் பையும், மிஷின்களில் கட்டித் தொங்கவிடும் ரிப்பேர் சீட்டுகளில் மிஞ்சிய ஒரு பெட்டியும். ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரி அச்சடித்திருக்கும். பெயர், கோளாறு, திருப்பித் தரும் நாள்.

மனைவி போனில் இருக்கும்போது குரல் கொடுத்துக் கூப்பிட மாட்டார். "பாவம், யாரு என்ன கஷ்டத்துல இருக்காங்களோ" என்பார். சீட்டில் பென்சிலால் எழுதி, வந்து மேசைமேல் வைப்பார். பெயர் வரி காலியாக இருக்கும். கோளாறு: பசி. திருப்பித் தரும் நாள்: இன்றே, இப்போதே. அக்காவுக்குச் சிரிப்பு வரும். ரிசீவரைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் கையைக் காட்டுவார். அவரே போய்ப் போட்டுச் சாப்பிடுவார். கோளாறு: மூக்குக் கண்ணாடியைக் காணோம். கோளாறு: மகள் வந்தாள், நீ போனில் இருந்தாய், போய்விட்டாள். கோளாறு: மழை விட்டுவிட்டது, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா?

அக்கா உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அவர் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு உள்ளே போவார். எதிர்முனையில் யாராவது விவரம் சொல்லத் தொடங்குவார்கள். குறித்துக்கொள்ளக் கைக்கு எட்டியது அந்தச் சீட்டுதான். திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொள்வார்.

கணவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு. ஒரு சின்னப் பெண் லைனில் இருந்தாள். ஏழு மாதக் குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசுகிறாள், வார்த்தை கோர்வையாக வரவில்லை. அப்போது உள்ளறையிலிருந்து, "இங்க கொஞ்சம் வாயேன்" என்று கணவர் கூப்பிட்டார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். சீட்டு எழுதாமல் குரல் கொடுக்கிறாரே என்று அக்காவுக்கு ஒரு கணம் உறைத்தது. உறைத்தது என்பதைத்தான் இன்றுவரை அவரால் விழுங்க முடியவில்லை. கதவைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். உள்ளே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மேசை தெரியாது.

குழந்தைக்காக உருகி ஜெபித்து, ஆமென் சொல்லி, "தைரியமா இரும்மா" என்று வைத்துவிட்டு எழுந்துபோனபோது பன்னிரண்டு நிமிடம் கழிந்திருந்தது. கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கால் செருப்புக்குள், ஒரு கால் வெளியே.

"இதயம் சட்டுனு நின்னிருக்கும்மா. நீங்க அங்க இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

"செய்யறதுக்கு இல்ல டாக்டர்" என்றார் அக்கா. "கூட இருக்கறதுக்கு."

போதகர் நல்ல மனிதர். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, நாற்காலியை அருகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நீங்க வீண் வேலையா பண்ணிட்டிருந்தீங்க? ஊழியத்துல இருந்தீங்கம்மா. ஆண்டவர் பாத்துட்டுத்தான் இருந்தார்."

"அதான் ஐயா எனக்குக் கூசுது."

இரண்டு ஞாயிறு கழித்து ஆராதனையில் சாட்சி சொல்ல ஒரு சின்னப் பெண் குழந்தையோடு எழுந்து நின்றாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம். போனில் ஒரு அக்கா ஜெபித்த அதே மணி நேரத்தில் குழந்தை கண் திறந்து பால் குடித்ததாம். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. அக்காவும் சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். குழந்தை கொழுக்குமொழுக்கென்று இருந்தது, அம்மாவின் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழ முடிந்தது. யார்மேல் கோபப்படுவது? அந்தப் பச்சைமண்ணின் மேலா?

மூன்று மாதம் போனைத் தொடவில்லை. கடைசியில், இது நமக்கு வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லச் சபை அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். எந்தத் தாளையும் ஓரம்வரை படிக்கிறவர். மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"போறதுக்கு முன்ன ஒரே ஒரு சந்தேகம்மா. ரொம்ப வருஷமா ஒருத்தர் விண்ணப்பம் குடுத்துட்டே இருந்தார். இந்த மூணு மாசமா வரலை. அவருக்குக் கேட்டது கெடைச்சுடுச்சா?"

"யாரு சார்?"

"அதான் தெரியலை. பேரே எழுத மாட்டார்." எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு. பிறர் வீட்டுக் கஷ்டம் சபையில் தங்கக் கூடாது என்று வருடக் கடைசியில் எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள். இந்த வருடத்துச் சீட்டுகள் மட்டும் இருந்தன. "நீங்க தாளை வீணாக்காம ரெண்டு பக்கமும் எழுதறீங்கன்னு நெனச்சேன். நாங்க ரெண்டு பக்கமும் படிச்சு ஜெபிப்போம். இவர் கேக்கறதெல்லாம் சின்னச் சின்ன விஷயம், அதனாலேயே எங்க குழுவுக்கு இவர்னா தனிப் பிரியம். வீட்டம்மாகூட ஒரு நடை நடந்துட்டு வரணும்கிறார். சேந்து உக்காந்து சாப்பிடணும்கிறார். பாவம், என்ன வீடோ, என்ன சூழ்நிலையோன்னு சொல்லிச் சொல்லி ஜெபிப்போம்."

அக்கா கட்டை வாங்கிப் பிரித்தார். கிட்னி ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலை. பின்னால், கோளாறு: மழை விட்டுவிட்டது. மகனுக்கு வேலை, மூன்றாவது நேர்காணல். பின்னால், கோளாறு: டீ ஆறுகிறது. ஒரு சீட்டில் கணவர் கோளாறு வரியைக் காலியாக விட்டிருந்தார். கீழே, திருப்பித் தரும் நாள் என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும்.

"கெடைக்கலை சார்" என்றார் அக்கா.

"அடடா. ஏன்மா?"

"குடுக்க வேண்டியவ போன்ல இருந்தா."

செயலாளர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். ரப்பர் வளையத்தை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

போனைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் கொடுக்காமலே வந்துவிட்டார். மறுநாள் முதல் அழைப்பில், யோசிக்காமலே, "பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது.

அக்காவின் விசுவாசத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. "பரலோகத்துல அவரைப் பாப்பேன், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்பார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அங்க மழையெல்லாம் உண்டா, விட்டதும் நடக்கப் போறதுண்டா, அது தெரியல" என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழிப்பார்கள். அன்றைக்கு உள்ளறையிலிருந்து வந்த குரலைப் பற்றி ஒரே ஒருமுறை, போதகரின் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "ஆண்டவர் கூப்பிட்டா இடி மாதிரி கூப்பிடுவார்னு நெனச்சிட்டேன். 'இங்க கொஞ்சம் வாயேன்'னு கூப்பிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

புதன்கிழமைகளில் போன் வேறொரு அம்மாவின் வீட்டில் ஒலிக்கும். அன்று மருந்துக்கடையில் வேலை செய்யும் மகளுக்கு வார விடுமுறை. அக்கா கேட்டுக்கொண்டதற்காக மதியம் வருகிறாள். முதல் சில வாரங்கள் இருவரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முகம் தெரியாதவர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிற அக்காவுக்குப் பெற்ற பெண்ணிடம் பேச ஒரு விஷயம் அகப்படவில்லை.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

"ஏம்மா, ஜெபக் குறிப்பு எழுதப் போறியா?"

அதற்கு மேல் ஓடவில்லை. மகள் கைபேசியைப் பார்ப்பாள், அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து மணி ஆனதும் இருவருக்கும் மூச்சு வரும். ஆனாலும் அடுத்த புதன் மகள் வந்தாள். அதற்கு அடுத்த புதனும் வந்தாள். ஏன் வருகிறாள் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

போன புதன்கிழமை மகள் தரையில் உட்கார்ந்து, கடையில் புதிதாக வந்திருக்கும் மேனேஜரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டைகளை நிறவாரியாக அடுக்கச் சொல்கிறானாம். நீளமான கதை, பாதியில் அவளுக்கே அலுத்துவிட்டது. கீழே விழுந்த ஹேர்பின்னை எடுக்கக் குனிந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் வகிட்டில் விழுந்தது.

"ஏய், நரைச்சிருக்கே!"

"இப்பத்தான் பாக்கறியா?"

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமாச்சும்மா." மகள் ஹேர்பின்னை வாயில் கவ்விக்கொண்டே சொன்னாள். "அப்பாதான் முதல்ல பாத்தார். கிழவியாயிட்டேன்னு ஒரு மாசம் கிண்டல் பண்ணினார்."

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்தார்.

"பிடுங்காதம்மா. ஒண்ணைப் பிடுங்கினா பத்தா வரும்."

அக்கா பிடுங்கவில்லை. காதோரத்தில் ஆரம்பித்து, இரண்டு விரலால் மயிரைப் பிரித்து, ஒவ்வொரு வெள்ளை மயிரையும் அடிமுதல் நுனிவரை நீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடுத்ததை எடுத்தார்.