கண்ணை மூடி மிதித்த சைக்கிள்

ஓடாத சைக்கிளை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதுளையில் ஏற்றமும் இறக்கமுமாக நடந்து மூச்சு வாங்குவது போதாதா, வீட்டுக்குள் வேறு மிதிக்க வேண்டுமா என்று கேட்டேன். அக்கா கோபிக்கவில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக் குடும்பங்களின் வரிசை வீட்டில் பிறந்து ஆசிரியையாக வந்த என்னை, முதல் நாளே ஓய்வறையில் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டியவர். அதற்காகவே அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டிலிருந்து தன் தம்பி அனுப்பிய நான்கு உடற்பயிற்சி சைக்கிள்களை முன்னறையில் போட்டு, சனிக்கிழமை காலைகளில் பெண்களுக்கு வகுப்பு வைத்தார்.

"கண்ணை மூடுங்கோ. மூச்சை மட்டும் கவனியுங்கோ. இது ஓடாத சைக்கிள். இஞ்ச ஒருத்தரும் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை."

அந்தப் பேச்சில் சொக்கிப்போனேன். கண்ணை மூடி மிதிக்கும்போது ஒவ்வொருவர் பின்னாலும் வந்து முதுகில் கைவைத்து நிமிர்த்துவார். அந்த உள்ளங்கை படும்போதெல்லாம் நானும் இவர்களில் ஒருத்திதான் என்று நம்பினேன்.

அம்மா தோட்ட வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்திருந்தாள். முழங்கால் வலி. டொக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் என்றதும், "உம்மட அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும். எல்லாருக்கும் எண்டுதானே வச்சிருக்கிறன்" என்று அக்காவேதான் அழைத்தார்.

காலமெல்லாம் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்தவள் அம்மா. சைக்கிளிலும் மலையேறுவதுபோல் குனிந்தே மிதித்தாள். கண்ணை மட்டும் மூடமாட்டாள். "கண்ண மூடிக்கிட்டு எப்படிடி மிதிக்கிறது, விழுந்துற மாட்டேன்?" என்பாள். "பேசாம மூடும்மா, மானத்த வாங்காத" என்று அவள் காதில் சிடுசிடுப்பேன்.

ஒரு சனிக்கிழமை என் துப்பட்டா பெடலில் சிக்கிக்கொண்டது. கண்ணைத் திறந்தேன். அக்கா நர்ஸ் மிஸ்ஸின் முதுகில் கைவைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். அடுத்து வங்கி அதிகாரியின் மனைவி; அவருக்கும் கைதான். பிறகு ஜன்னலோரம் இருந்த, வகுப்பில் கோடு போடும் மர அடிமட்டத்தை எடுத்தார். அதன் நுனியால் அம்மாவின் முதுகில் இரண்டு தரம் தொட்டார். அம்மா திரும்பாமல் நிமிர்ந்தாள். அடிமட்டத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கையை நீட்டியபடி என்னிடம் வந்தவர், என் கண்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்ன அக்கா இது?"

"அது... நிமிர்ந்து இருக்கச் சொல்லித்தான். பள்ளிக்கூடப் பழக்கம், வேற ஒண்டுமில்லை."

"நர்ஸ் மிஸ்ஸுக்கு மட்டும் ஏன் கை?"

அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மற்ற இருவரும் கண்ணைத் திறக்கவும் இல்லை, மிதிப்பதை நிறுத்தவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். அன்று கால் முந்திக்கொண்டது. அம்மாவை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இறக்கத்தில் அம்மா முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார். ஒரே பெட்டியில் கைபோட்டுச் சாப்பிட்டோமே, அதுவும் நான் டீச்சர் என்பதால்தானா? போதாக்குறைக்கு, என்னைப் பெற்றவளை நானே கூட்டிப்போய் அந்த அடிமட்டத்துக்கு முன்னால் உட்காரவைத்து, கண்ணையும் மூடச் சொல்லியிருக்கிறேன்.

"எப்பயிருந்தும்மா இப்படி?"

"மொத நாள்லேருந்துதான்."

"அப்பவே ஏன் சொல்லல?"

அம்மா நின்று மூச்சு வாங்கினாள்.

"சொன்னா நீ அங்க போகமாட்ட. ஒன்னயக் கையாலதானே தொட்டாங்க, அது போதும்னு இருந்துட்டேன்."