முருகம்மாள் ஊற்றிய தண்ணீர்

விஸ்வநத்தம் எல்லையில் உள்ள அந்த அச்சகத்தில் முருகம்மாளுக்குத் ‘தொட்டிக்காரி’ என்று பெயர். தீப்பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்தவள், பதினோரு வருஷமாக இங்கே பிளேட்டும் மையும் கழுவிய தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிறாள். சுண்ணாம்பு போட்டுக் கசடை இறக்கி, கரித்தொட்டி வழியாக விட்டு, தெளிந்த பிறகுதான் வெளியே திறந்துவிட வேண்டும். மெஷின்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைக் கடந்து போவார்கள். இத்தனைக்கும் அந்த நாற்றம் அவர்கள் கழுவி விட்டதுதான்.

அழுக்கை உறிஞ்சுகிற அந்தக் கரி செத்துப் பத்து மாதமாகிவிட்டது. அவளும் சொல்லாத நாளில்லை. முதலாளி சங்கரலிங்கம் கெட்டவரில்லை, ஆனால் “காலண்டர் சீசன் முடியட்டும்” என்பார். சிவகாசியில் எந்தக் காலத்தில் சீசன் முடிந்திருக்கிறது?

அதற்குள் கழிவுநீரை வெளியேற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணைக்குக் கெடு முடிந்தது. புதுப்பிக்கும் முன் தண்ணீரைச் சோதிக்க வாரிய இன்ஜினியர் கீர்த்திகா வருவதாகத் தகவல். தண்ணீர் தேறாவிட்டால் கம்பெனியை மூட வேண்டும். முப்பத்திரண்டு பேர் பிழைப்பு, அதில் பாதிப் பேர் முருகம்மாளின் தெருக்காரர்கள். பாவம், அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. விடியற்காலையில் வந்து கடைசித் தொட்டியை இறைத்துக் கழுவி, ஆட்கள் குடிக்க வைத்திருந்த எட்டு கேன் தண்ணீரையும் அதில் கவிழ்த்துவிட்டாள்.

கீர்த்திகா அந்தத் தொட்டியில் உப்பளக்கும் மீட்டரை முக்கினாள். தொண்ணூறு காட்டியது. பிறகு கம்பெனியின் போர்வெல் தண்ணீரில் முக்கினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

“உள்ள வர்ற போர்த் தண்ணியே உப்பு. வெளிய போறது மட்டும் எப்படி சார் இம்புட்டுச் சுத்தமா இருக்கு?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சங்கரலிங்கத்துக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது, அவர் முகம் வேர்த்தது. பழி அவர் தலையில் விழப்போவதைப் பார்த்து முருகம்மாள் முன்னால் வந்தாள்.

“நாந்தான் மேடம் கேன் தண்ணிய ஊத்துனேன். அண்ணாச்சிக்குத் தெரியாது. கரி செத்துப்போச்சு. கம்பெனிய மூடிட்டா அம்புட்டுப் பேரும் எங்கன போவோம்?”

கீர்த்திகா கோபப்படவில்லை. “வெளிய விடுற தண்ணி எங்கம்மா போகுது?”

“ஓடை வழியா…” முருகம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். “எங்க தெருவுக்குத்தான் மேடம்.”

கரியை மாற்றி மறுபடி சோதிக்கும்வரை ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது, அதுவரை இசைவாணையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு கீர்த்திகா போய்விட்டாள். மெஷின்கள் நின்றன. தெருக்காரர்களே முருகம்மாளை முறைத்துக்கொண்டு போனார்கள்.

முருகம்மாள் தூக்குச்சட்டியோடு முதலாளி அறை வாசலில் நின்றாள். “அண்ணாச்சி, நாளைக்கு நான் வரட்டா, வேண்டாமா?”

சங்கரலிங்கம் போனில் கரிக்கு ஆர்டர் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“காலைல கரி லோடு வருது. பத்து மாசமா நீ சொல்லச் சொல்லக் கேக்காதவன் நானு, உன்ன எந்த வாயால வேண்டாங்கிறது? வெள்ளன வந்துரு.”

அதுவரை அழாமல் நின்றவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.