கரீமோடு காட்டுப்பாக்கம் போனது

குருத்தோலை ஞாயிறு, பிற்பகல் இரண்டரை. ஆவடி பஸ் நிலையத்தில் கரீம் எனக்கு முன்பே வந்து நின்றான். இருவரும் ஒரே தளவாடத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் வேலை செய்பவர்கள். ஒன்பது வருடம் ஒரே பெஞ்சில் மதியச் சோறு தின்றவர்கள். போன பெரிய வெள்ளிக்குப் பிறகு பேச்சே கிடையாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையும் அவர்கள் பள்ளிவாசலும் எதிரெதிரே இருக்கின்றன. நான் இந்தப் பக்கத்துச் செயலாளர், அவன் அந்தப் பக்கத்துச் செயலாளர். பெரிய வெள்ளியன்று எங்களுக்குப் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஆராதனை. வெள்ளிதோறும் அவர்களுக்கு அதே உச்சி நேரத்தில் ஜும்ஆ தொழுகை. இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர். போன வருடம் நாங்கள் சத்தத்தைக் கூட்ட, அவர்களும் கூட்ட, கடைசியில் தெருவில் சட்டைக் காலர்கள் கிழிந்தன. கிழிந்ததில் ஒன்று கரீமுடையது, பிடித்த கை என்னுடையது. விலக்கத்தான் போனேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான் உண்மை.

காட்டுப்பாக்கத்தில் போதகராக இருக்கும் என் பெரியப்பா மகன், தங்கள் ஊரிலும் இதே தகராறு இருந்து தீர்ந்துவிட்டதாக எழுதியிருந்தார். 'வந்து பார், ஆனால் தனியாக வராதே, எதிர்ப்பக்கத்து ஆளையும் கூட்டி வா' என்று கடிதத்தில் இருந்தது. அதைக் கரீமின் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அதன் பின்பக்கத்தில் 'ஞாயிறு ரெண்டரை' என்று எழுதி என் பக்கம் வைத்திருந்தான்.

இரண்டு ஐம்பதுக்குப் பூந்தமல்லி பஸ். ஒன்பது கிலோமீட்டர், ஒன்றேகால் ரூபாய். அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுத்தோம். பருத்திப்பட்டு ஏரி, காடுவெட்டியில் கூவத்துப் பாலம், கரையான்சாவடி எல்லாம் கடந்து போயின. வாய் திறந்தவர் கண்டக்டர் மட்டும்தான்.

மூன்று இருபத்தைந்து, பூந்தமல்லி. வெயில் மண்டையைப் பிளந்தது. கரும்புச் சாறு வண்டியைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. கரீமுக்கு ரம்ஜான் நோன்பு என்பது நினைவுக்கு வந்து நடந்தேன்.

"நீ குடிப்பா. எனக்கின்னா?" என்றான். ஒரு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"தாகம் இல்ல வே," என்று துணிந்து பொய் சொன்னேன்.

காட்டுப்பாக்கம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர், முக்கால் ரூபாய். நாலு மணிக்குச் சபைக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர், இரண்டு மதத்தாரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மாதம் ஒருமுறை கூடுகிறார்களாம், ஒரு மாதம் சபையில், மறு மாதம் பள்ளிவாசலில். வேதம் பேசக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அடுத்தவரால் தனக்கு என்ன தொந்தரவு என்பதை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

முக்காடு போட்ட ஓர் அம்மா எழுந்தார். "கிறிஸ்மஸ் அன்னிக்கு நீங்க உட்ட ராக்கெட்டு எங்க ஊட்டு ஓலை மேல உழுந்துச்சு. நல்லவேளை, எரியல. இன்னா சொல்றீங்க?"

சபைக்காரர் ஒருவர் தலையைச் சொறிந்தார். "இனிமே மைதானத்துல உடறோம்மா."

ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். நான் பெரிய பெரிய பிரசங்கங்களை எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

எங்கள் கதையைக் கரீம் சொன்னான். காலர் கிழிந்ததைச் சொன்னான், யார் கிழித்தது என்பதை விட்டுவிட்டான். அந்த ஊர்ப் பள்ளிவாசல் இமாம், "பெரிய வெள்ளிக்கு ஒரு வருஷம் அவங்க ஸ்பீக்கரை நிறுத்துவாங்க, மறு வருஷம் நாங்க," என்றார்.

"முதல் வருஷம் விட்டுக் கொடுத்தது யாரு?" என்று கேட்டேன். எங்கள் சிக்கலே அதுதான்.

இமாம் போதகரைப் பார்த்தார். போதகர் கூரையைப் பார்த்தார். "மறந்து போச்சுங்க," என்றார் இமாம்.

ஆறேகாலுக்கு மேல் பள்ளிவாசலில் நோன்பு திறந்தார்கள். எங்களுக்கும் கிண்ணத்தில் சூடாகக் கஞ்சி வந்தது, கொத்துக்கறி போட்ட கஞ்சி. எனக்கு லெந்து காலம், நாற்பது நாள் கறி தொடுவதில்லை. வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரீம் வாயில் பேரீச்சம்பழத்தோடு எழுந்து போனான்.

"அண்ணாத்தே, கறி போடாத கஞ்சி கீதா? இவருக்கு லெந்து. ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டாரு."

தனியாக ஒரு சட்டி வைத்திருந்தார்கள், சபைக்காரர்கள் வருடா வருடம் வருவதால். ஒரு வருடம் முகம் பாராதவன் என் விரதத்தை நினைவில் வைத்திருந்தான்.

திரும்பும்போது இரண்டு டிக்கெட்டும் நானே எடுத்தேன். ஊர்க் கதை எல்லாம் பேசினோம். ஆனால் வெள்ளிக்கிழமை யார் நிறுத்துவது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலில் விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஏழே முக்காலுக்கு ஆவடியில் "பாக்கலாம்" என்று பிரிந்தோம்.

புதன்கிழமை எங்கள் சபைக் கமிட்டியில் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினேன். பெரிய வெள்ளியன்று எதிரே பாங்கு கேட்டதும் எங்கள் ஸ்பீக்கரின் இணைப்பை நானே பிடுங்கினேன். இனி அவர்கள் பிரசங்கம் முழங்கும் என்று காத்திருந்தேன். ஒன்றையும் காணோம். என்ன ஆயிற்றோ என்று பதறி வாசலுக்கு ஓடினேன். எதிர் வாசலில் கரீம் தொப்பியோடு நின்றான்.

"இன்னாப்பா, உங்க மைக்கு ரிப்பேரா?"

"நாங்க நிறுத்திட்டோம்வே. உங்களுது?"

"நாங்களும்தான்!"

துக்க நாள் என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். அவன் உள்ளே ஓடினான், நானும் உள்ளே போனேன். அன்று தெருவில் சைக்கிள் மணிகூடக் கேட்டது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, மதிய மணி அடித்தது. கரீம் நோன்போடு வந்து எங்கள் பழைய பெஞ்சில் எதிரே உட்கார்ந்தான். நான் தயங்கித் திறந்த டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"இன்னாப்பா, தயிர் சோறு? அதான் ஈஸ்டர் முடிஞ்சிச்சே, கறி எங்க?"

"உம்ம நோன்பும் முடியட்டும்வே. சேர்ந்தே தின்போம்."

நான் தின்று முடிக்கும்வரை அவன் எழுந்து போகவில்லை.