என்னைத் திட்டாத மேடம்

2007-இல் நான் சிதம்பரத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது வழிகாட்டியான எங்கள் மேடத்திடம் இரண்டே மாணவிகள். நான் குமராட்சிப் பக்கம், நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண். இன்னொருத்தி கடலூரை ஒட்டிய மீனவக் குப்பத்திலிருந்து வந்தவள். எங்கள் குடும்பங்களில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆட்கள் நாங்கள்தான். அப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும் என்று துறையில் சண்டை போட்டு மேடம் எங்களை எடுத்தார்.

வயல் வேலை செய்யும் பெண்களின் ரத்தசோகை என் ஆய்வு. கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் விற்கும் பெண்களின் ரத்த அழுத்தம் அவளுடையது.

முதல் அத்தியாயத்தை இருவரும் ஒரே நாளில் கொடுத்தோம். என்னுடையது இரண்டு எழுத்துப் பிழை திருத்தத்தோடு, மேலே 'நன்று' என்று எழுதி வந்தது. அவளுடையதில் திருத்தம் போக வெள்ளை இடமே இல்லை. அவளை அறைக்குள் கூப்பிட்டு மேடம் போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது.

"ரெண்டு விஷயம் சேந்தே இருந்தா, ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சுன்னு ஆயிடுமா? யார் சொன்னா உனக்கு?"

கண் சிவந்து வெளியே வந்தவளை டீக்கடைக்குக் கூட்டிப்போய்த் தேற்றினேன். "உனக்கென்னடி, உன்னுது சுத்தமா வந்துடுச்சு" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை புதுச்சேரியில் நடந்த ஒரு கருத்தரங்கோடு போயிற்று. அவள் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மருத்துவர் எழுந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். அவள் அசரவில்லை. அவர் கேட்டதையெல்லாம் மேடம் முன்பே கேட்டுத் திட்டியிருந்தார். அடுத்து நான். "குடற்புழுவாலயும் ரத்தசோகை வருமே, அதைக் கணக்குல எடுத்தீங்களா?" என்றார் அவர். நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். முன்வரிசையிலிருந்து மேடம் எழுந்து எனக்காகப் பதில் சொல்லி அமர்ந்தார்.

திரும்பும் பேருந்தில் மேடமும் அவளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்தார்கள். முன்சீட்டில் தனியாக இருந்த எனக்கு வயிறு எரிந்தது. அவள் அழகையோ அறிவையோ பார்த்து வந்த எரிச்சல் இல்லை. அவள் வாங்கிய திட்டு எனக்கு வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை நேராக மேடத்தின் அறைக்குப் போனேன்.

"என்னை ஏன் மேடம் திட்ட மாட்டேங்கிறீங்க?"

"என்னம்மா கேள்வி இது?"

"அவளுக்குப் பக்கம் பக்கமா எழுதுறீங்க. எனக்கு நல்லாருக்குன்னு குடுத்துடுறீங்க. நேத்து நான் சொல்ல வேண்டிய பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க."

அவர் மழுப்பவில்லை. "நீ சேந்த அன்னிக்கு உங்கம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. 'எம்பொண்ணு மனசு ஒடைஞ்சா திரும்ப வயலுக்கே வந்துடும், பாத்துக்குங்க'ன்னாங்க. அதுலேந்து உன்னத் திட்ட வாய் வரலம்மா."

"அவ வீட்டுலேந்து யாரும் வரலியா?"

"வரல."

"இப்ப நான்தானே மேடம் வந்து நிக்கிறேன். எங்கம்மா வரலியே."

மேடம் என் அத்தியாயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது திரும்பி வந்தபோது முதல் பக்கம் முழுவதும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. 'பாவப்பட வைக்கிறாய், நிரூபிக்கவில்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். விடுதி அறைக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் அவளுடையதை வாங்கிப் பக்கத்தில் வைத்து யாருக்குத் திருத்தம் ஜாஸ்தி என்று பார்த்தேன். அப்போதும் அவளுக்குத்தான்.

2011-இல் இருவருக்கும் பட்டம் கிடைத்தது. வேலை முதலில் அவளுக்கு வந்தது, வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில். "அடுத்தது நீதான்டி" என்று என் வாயில் லட்டை ஊட்டினாள். சிரித்து வைத்தேன்.

மறுவருஷம் கடலூரில் எனக்கும் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மேடத்துக்குத்தான் முதலில் போன் செய்தேன். சந்தோஷப்பட்டுக் கொஞ்சம் பேசிவிட்டு, "சரி, ஜர்னலுக்கு அனுப்புறேன்னியே, அந்த ரெண்டாவது கட்டுரை என்னாச்சு? அவ மூணாவதையே அனுப்பிட்டா" என்றார்.

போனை வைத்ததும் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.