கொடும்பாவி நெஞ்சில் ஒரு பதக்கம்

எந்தக் கட்சியின் ஊர்வலம் போனாலும், அதன் கொடி தையல்காரம்மாவின் மிஷினில் ஓரம் அடித்ததாகத்தான் இருக்கும். கொள்கை அவரவர் பாடு, தையல் அவள் பாடு. ஒரே மகன் எல்லையில் சிப்பாய்.

அங்கே ஒரு மலையைப் பிடிக்கச் சொன்னது அரசாங்கம். “பிடிக்கலாம், பிடித்தபின் இறங்கிவர ஆளிருக்காது” என்று சொல்லிப் படையைத் திருப்பிக் கூட்டிவந்தார் தளபதி. வந்தவர்களில் அவள் மகனும் ஒருவன். அன்றிலிருந்து தளபதி ஆளுங்கட்சிக்குத் தேசத்துரோகி, எதிர்க்கட்சிக்கு மாவீரர். முந்தைய போரின்போது இந்தப் பட்டங்கள் இடம் மாறி இருந்ததை இரு தரப்பும் பெருந்தன்மையோடு மறந்துவிட்டன.

ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் கடைக்கு வந்தார். “அக்கா, தளபதி கொடும்பாவியைக் கொளுத்தறோம். யூனிஃபார்ம் நீங்கதான் தைக்கணும். உங்க பையனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, தப்பா நினைக்காதீங்க.”

உள்ளிருந்து கணவர் பாய்ந்து வந்தார். “புள்ளையைத் திருப்பிக் கொடுத்த மனுஷனுக்கு நீயே கொள்ளி எடுத்துக் கொடுக்கப்போறியா?”

“நீங்க சும்மா இருங்க” என்றாள். “தைக்கறேன் தம்பி. எப்படி வேணும்?”

“அச்சு அசலா. பாத்ததும் அவன்தான்னு தெரியணும்.”

“அப்ப கிட்ட நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு கொண்டா.”

தேடியதில் அகப்பட்டது கட்சி அலுவலகத்துப் பழைய காலண்டர்தான். அதில் கட்சித் தலைவரே வாயெல்லாம் பல்லாகத் தளபதியின் நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டிருந்தார். செயலாளர் தன் கையாலேயே கிழித்துக் கொண்டுவந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுமல்ல, பார்வையும் மட்டு.

நாற்சந்தியில் வைக்கோல் தளபதி நிஜத் தளபதியைவிடக் கம்பீரமாக நின்றார். நெஞ்சில் மஞ்சள் சாட்டின் பதக்கம், சாஸர் அகலத்துக்கு. மண்ணெண்ணெய் டின்னைத் திறந்தபோது கூட்டத்திலிருந்து தையல்காரம்மா காலண்டர் தாளை உயர்த்திக் காட்டினாள்.

“தம்பி, ஒரு சந்தேகம். நம்ம தலைவர் குத்தின பதக்கத்தையும் சேத்துக் கொளுத்தறதா, கழட்டிட்டா?”

“கழட்டுங்கப்பா!” என்றார் செயலாளர்.

“கழட்டினா தலைவர் கொடுத்தது தப்புன்னு ஆயிடாதா?” என்றான் ஒரு தொண்டன்.

“அப்ப கொளுத்து!”

“தலைவர் பதக்கத்தையா? நீ எந்தக் கட்சிடா?”

தீப்பெட்டி கை மாறி மாறிப் போய், கடைசியில் யார் கையிலும் இல்லை. தலைமைக்குப் போன் போட்டார்கள். “முடிவு சொல்றவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது” என்று உத்தரவு வந்தது. முடிவு வரவில்லை. கொளுத்த வந்த கட்சியே கொடும்பாவிக்குக் காவல் போட்டது.

அடுத்த வாரம் மகன் போன் செய்தான். “அம்மா, எங்க தளபதியை நம்ம ஊர்ல கொளுத்திட்டாங்களாமே?”

“எவன்டா சொன்னது? நாற்சந்தியில ஜம்முனு நிக்கிறார். தோள்ல தையல் கொஞ்சம் விட்டுடுச்சு, காலையில போய் நானே தைச்சுட்டு வந்தேன்.”

“காவல்ல இருக்கிற கட்சிக்காரன் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னானே. பதக்கத்தையும் இன்னும் ரெண்டு தையல் போட்டு இறுக்கச் சொன்னான்.”