ஐந்து கோடு போட்ட பானை

போன ஞாயிறு காலை. திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரைக் குத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்... நூற்றுப் பன்னிரண்டோடு சத்தம் நின்றுவிட்டது. ஏன்?

எட்டிப் பார்த்தேன். மேஸ்திரி ஏகாம்பரம் குழிக்கு வெளியே நின்றிருந்தார். குழிக்குள் ஒரு பானை. கறுத்து, உப்புப் பூத்து, மண் அப்பி...

"தாழி கீது சார். செத்தவங்கள வெச்சுப் பொதைக்கிறது. இனிமே நான் கை வெக்க மாட்டேன்."

மனை தனசேகருடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். ஒன்பது வருடம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாங்கிய இடம். ஆடி பிறக்க எட்டே நாள். அதற்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும். அவர் மனைவி வசந்தா அழவே ஆரம்பித்துவிட்டார்.

"இந்த எடமே வேணாங்க. வித்துடலாம்."

அது என் பானை!

இரண்டு வருடத்துக்கு முன் மியூசியம் ஒன்றில் பழங்காலப் பானைகளைப் பார்த்தேன். பளபளப்பே கிடையாது. அந்தக் கறையும் சொரசொரப்பும் மனதில் ஒட்டிக்கொண்டன. அதே மாதிரி வராந்தாவில் வைக்க வேண்டும் - ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? பூந்தமல்லியில் ஆறு புதுப் பானைகள் வாங்கினேன். டீ டிகாஷன் ஊற்றினேன். புளித்த மோரில் சாணத்தைக் கரைத்துப் பூசினேன். மழைக்கு முன் புதைத்தேன். எங்கள் வீட்டைச் சுற்றி சிமெண்ட் தளம். பக்கத்து மனை சும்மாதானே கிடந்தது?

ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் கோடு கீறியிருந்தேன். முதல் பானைக்கு ஒன்று, ஆறாவதற்கு ஆறு. மழை விட்டதும் தோண்டினால் ஐந்தாவது மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தவையோ வெறும் அழுக்குப் பானைகள்.

"அது என்னுது மேஸ்திரி. நான்தான் பொதைச்சேன். அடியில அஞ்சு கோடு இருக்கும், பாருங்க."

ஏகாம்பரம் குச்சியால் புரட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"அஞ்சு பேரு சார். கணக்குப் போட்டு வெச்சிகீறான்."

வசந்தாவின் அழுகை கூடியது. நான் ஓடிப்போய் மற்ற ஐந்து பானைகளையும் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினேன். இப்போது நம்பித்தானே ஆக வேண்டும்?

"மீதியெல்லாம் ஊட்லயே வெச்சிகினு கீறாரு" என்றார் ஏகாம்பரம், சித்தாள்களைப் பார்த்து. அவர்கள் நாலு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

தனசேகர் என்னைத் தனியே அழைத்தார். "எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க சார். புரியுது. விடுங்க, எங்க ராசி அப்படி."

அதுதான் தாங்கவில்லை. ஒரு பக்கெட் தண்ணீர், தேங்காய் நார், செங்கல் துண்டு - எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பானையை மடியில் வைத்துப் பார்த்தபோது கை ஓடவில்லை. என் டிகாஷனும் மோரும் செய்யாததை இரண்டு மழைக்காலம் செய்திருந்தது. மியூசியத்தில் வைத்தால் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்... இந்த ஒன்றுக்குத்தான்.

தேய்த்தேன். கறுப்பு போயிற்று. உப்பு போயிற்று. முப்பது, நாற்பது தேய்ப்பில் பூந்தமல்லிச் சிவப்பு உள்ளிருந்து வந்தது. வசந்தா கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"புதுசுங்க இது..."

ஏகாம்பரம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினார். தனசேகர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் சரி சார். என் மனைல எதுக்கு சார் பொதைச்சீங்க?"

ஈரப் பானையோடு எழுந்தேன். குழிக்குள்ளிருந்து ஏகாம்பரத்தின் குரல்:

"வேற இன்னா பொதைச்சிகீறீங்கோ, இப்பவே சொல்லிடுங்க சார்."

பொய் மண்ணுக்குள் கிடந்து தானே பழுத்துவிடுகிறது. உண்மையைத்தான் ஆள் உட்கார்ந்து தேய்க்க வேண்டியிருக்கிறது!