காணும் பொங்கல் தாயம்

காணும் பொங்கலன்று எங்கள் வீட்டில் யாரும் கடற்கரைக்குப் போவதில்லை. சாப்பாடு முடிந்ததும் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, தாயம் ஆட உட்கார்ந்துவிடுவோம். அறுபதை நெருங்கிய அத்தைக்கும் ஆறு வயது என் மகளுக்கும் ஒரே சட்டம்தான்: கட்டையை உருட்டியவர்தான் விழுந்த எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. முன்பொரு பொங்கலில் சண்டை முற்றி, அத்தை பாதி ஆட்டத்தில் எழுந்து போனதால் வந்த சட்டம் அது.

அந்த வருஷம் அந்தச் சட்டம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கண் மங்கிப்போயிருந்தது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆணியில் தொங்கிய வேன் சாவியைத் தீபாவளியன்று அவர் சுவரெல்லாம் தடவித் தேடியதைப் பார்த்துவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் ஆரம்பாக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நைனா ஓட்டும் வேன் அது. என் வீட்டுக்காரரும் அதில்தான் வேலைக்குப் போனார். தங்கச்சி கல்யாணம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாதென்று நைனா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து காலையில் வேன் கிளம்பினால், சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்கும்வரை ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. களைந்து வைத்த அரிசியையே மறுபடியும் களைவேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே கால் ஓய்ந்துபோகும்.

ஆட்டத்தில் நைனாவை ஒட்டி உட்கார்ந்து, விழுந்த எண்ணை அவர் முதுகில் விரலால் தட்டிச் சொன்னேன். ஐந்துக்கு ஐந்து தட்டு, பன்னிரண்டுக்கு ஒரு கிள்ளு. நைனா வெட்டு மேல் வெட்டாக வெட்டிக்கொண்டிருந்தார். அப்போது என் மகள், தாத்தா பக்கம்தான் ராசி என்று எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்துவிட்டாள். அதட்டியும் நகரவில்லை. அதற்குள் நைனா கட்டையை உருட்டிவிட்டார். என் விரலுக்காகக் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார்.

"பன்னண்டு" என்றார்.

இரண்டும் புள்ளியில்லாமல் விழுந்தால்தான் பன்னிரண்டு. இங்கே இரண்டு கட்டையிலும் மும்மூன்று புள்ளி. விழுந்தது ஆறு.

"இன்னாண்ணே, பேத்தியாண்டயே அழுகுணி ஆட்டமா?" என்றாள் அத்தை.

நைனா அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஏமாற்றத்தான் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன் என்று சிரித்தார். ஜென்மத்தில் யாரையும் ஏமாற்றாத மனுஷன். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது. நாளைக்கு முதல் ஷிப்டு மாமா, வண்டியை நேரத்துக்கு எடுங்கள் என்று வேறு சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நைனாவுக்குக் கண்ணு தெரியல" என்றேன். "அழுகுணி ஆடல."

நைனா மறுக்கவில்லை. குனிந்து, கட்டைகளை அசைக்காமல் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்து, ஆறுதான் என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். சொன்னேன்.

"தெரிஞ்சிக்கினே தினம் சோறு கட்டிக் குடுத்து அனுப்பிச்சியா?"

மறுநாள் வேன் போகவில்லை. என் வீட்டுக்காரர் விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பிப் போனபின் பார்த்தேன். நான் கட்டி வைத்த சோறு அடுப்படியிலேயே இருந்தது.